சடையன்குளம் நிற்காது

சடையன்குளம் ஸ்டாப்பில் இன்றைக்கு வண்டி நிற்காது என்று முடிவு கட்டிக்கொண்டுதான் ஆவுடையப்பன் அம்பாசமுத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து வண்டியை எடுத்தான். அது நேற்றோ முந்தாநாளோ கட்டிய முடிவு அல்ல. வளைகாப்புக்கு நாள் குறித்த அன்றைக்கே கட்டியாயிற்று, கட்டின முடிச்சை அவிழ்க்கிற பழக்கம் அவனுக்குப் பிறவியிலேயே கிடையாது. கண்டக்டர் இசக்கிக்கு மட்டும் தெரியும். தென்காசியில் இருக்கும் அக்காவுக்குத் தெரியும், அவள் பின்கட்டு அறையைக் கழுவி விட்டுக் கட்டில் போட்டு வைத்திருக்கிறாள். மனைவி பரமகல்யாணிக்குத் தெரியாது. அவள் ஒன்பது மாச வயிற்றோடு வண்டியின் நடுப்பகுதியில், முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் சரிபாதியான சீட்டில் உட்கார்ந்திருந்தாள். அந்த சீட்டை அவன்தான் பார்த்துக் கொடுத்தான். முன்னால் இருந்தால் என்ஜின் சூடு, பின்னால் இருந்தால் தூக்கிப் போடும். நடுவில் இருப்பவளுக்குத்தான் பள்ளம் பாதியாகத் தெரியும், இது படித்தவனுக்கும் தெரியாது, டிக்கெட் வாங்குகிறவனுக்கும் தெரியாது, ஓட்டுகிறவனுக்கு மட்டும் தெரியும். ஏறும்போது அவள் கம்பியைப் பிடித்து மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னாள், "இங்கருங்க, சடையன்குளத்துல மெதுவா நிப்பாட்டுங்க என்ன, அப்பா வந்து நிப்பாரு." அதற்கு அவன் "ம்" என்றான். அவ்வளவுதான். ஒரு "ம்". அதை வாக்குறுதி என்று யாரும் சொல்ல முடியாது. வாயைத் திறந்து சொன்னால்தான் சொல், மூக்கால் விட்டது சொல்லாகுமா? ஆகாது என்று சொல்லிக்கொண்டு இரண்டாவது கியரைப் போட்டான்.

ஊரைத் தாண்டியதும் சாரல் விழ ஆரம்பித்தது. இடது பக்கம் மலை முழுக்க மேகத்துக்குள் போய்விட்டது, வயலில் நாற்று மட்டும் பச்சையாகத் தெரிந்தது. வைப்பர் ஒரு தரம் துடைத்து, யோசித்து, மறு தரம் துடைத்தது. அவன் ரோட்டைப் பார்த்ததைவிட உள்கண்ணாடியைத்தான் அதிகம் பார்த்தான். கண்ணாடியில் அவள் முகம் தெரியவில்லை, முன் சீட்டின் கம்பியைப் பிடித்திருந்த கை தெரிந்தது, மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும் கண்ணாடி வளையல், பச்சையும் சிவப்புமாக. பள்ளத்தில் சக்கரம் இறங்கினால் வளையல் மொத்தமும் ஒரு தரம் மேலே போய்க் கீழே வரும். என்ஜின் சத்தத்தில் அதன் ஓசை கேட்காது என்று அவனுக்குத் தெரியும், ஆனாலும் கண்ணால் பார்த்ததும் காதில் கேட்டது. அது கேட்கக் கூடாது. கேட்காமல் ஓட்ட வேண்டும். தான் ஒருத்தன்தான் அப்படி ஓட்ட முடியும். இருபத்தைந்து வருசமாக இந்த ரோட்டில் எந்த இடத்தில் தார் பெயர்ந்திருக்கிறது, எந்தப் பாலத்தில் மூட்டு தூக்கி நிற்கிறது என்று அவன் காலுக்குத் தெரியும். பிரேக்கில் இருக்கிற வெறுங்கால் அது. செருப்புப் போட்டு ஓட்டுகிறவனை அவன் டிரைவராகவே சேர்க்கமாட்டான். பின்னால் வந்த மஞ்சள் பஸ் ஹார்னைப் போட்டு அலறிக்கொண்டு முந்திப் போயிற்று. இசக்கி முன்னால் ஓடி வந்து, "அண்ணாச்சி, அவன் முன்னால போயிட்டான். ஆழ்வார்குறிச்சில நமக்கு ஒரு ஆளு மிஞ்சாது" என்றான். "போட்டும்ல. அவன் பெண்டாட்டியா மாசமா இருக்கா?" பூக்கூடையை மடியில் வைத்திருந்த செண்பகம் ஆச்சி உடனே பிடித்துக்கொண்டாள், "டிரைவர் தம்பி, இது பஸ்ஸா தேரா? நாங்க வேணா எறங்கி வடம் பிடிக்கவா?" அவளுக்குப் பின்னாலிருந்து ஒரு கிழவர், "தேரா இருந்தா இதுக்குள்ள நாலு வீதியும் சுத்தி நிலைக்கு வந்திருக்கும் ஆச்சி" என்றார். பஸ் சிரித்தது. பரமகல்யாணியும் சிரித்தாள் என்று வளையல் ஆடியதில் தெரிந்தது. சிரிக்கட்டும். சிரிப்பினால் ஆடுகிற வளையல் வேறு, பள்ளத்தினால் ஆடுகிற வளையல் வேறு.

சிரிப்பிலும் இரண்டு வகை உண்டு. மச்சினன் கல்யாணப் பந்தியில் கேட்ட சிரிப்பு இந்த வகை இல்லை. இந்த நினைப்பு எங்கே போனாலும் கடைசியில் அந்தப் பந்தியில் வந்துதான் நிற்கும், அவனும் நிற்கவிடுவான். எதிர் வரிசையில் மாமனார் கோமதிநாயகம் ரசத்துக்குக் குழி பறித்துக்கொண்டிருந்தார். பக்கத்து இலைக்காரன், யாரோ பாவூர்சத்திரத்துக்காரன், "உம்ம மருமவன் வீட்டுல இன்னும் விசேசம் ஒண்ணும் இல்லியா?" என்று கேட்டான். கேட்டவனைக்கூட மன்னிக்கலாம், கேட்கிறதுக்கென்றே பந்திக்கு வருகிறவர்கள் உண்டு. மாமனார் தலையை நிமிர்த்தவில்லை. "எங்கவே, பொழுதன்னைக்கும் என்ஜினு பக்கத்துலல்லா சோலி. வெந்த நெல்லு முளைக்குமா?" விதைநெல் விற்கிற மனுசன், வாயில் வேறு என்ன வரும்? வரிசை முழுக்கச் சிரித்தது. பரிமாறுகிறவன் வாளியைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். ஆவுடையப்பன் இலையில் பாயசம் ஓடிக்கொண்டிருந்தது. அவன் இலையை மடக்காமல் எழுந்தான். கை கழுவாமல் வாசலுக்கு வந்தான். பரமகல்யாணி முகூர்த்தப் பட்டோடு பின்னாலேயே ஓடி வந்தாள். அன்றைக்குப் போனவன்தான். அதற்குப் பிறகு ஸ்டாப்பை ஒட்டிய அந்த மாமனார் வீட்டு வாசல் வழியாகவே தினமும் போய்த் தினமும் வருகிறான், ஒரு நாளும் கழுத்தைத் திருப்பியதில்லை. சடையன்குளம் ஸ்டாப்பில் ஆள் இறங்கும், ஏறும், இசக்கி விசில் அடிப்பான், அவன் நேராகப் பார்த்துக்கொண்டிருப்பான். அந்த மனுசனும் இலேசுப்பட்டவர் இல்லை. இந்த வண்டி வந்தால் ஏறமாட்டார், அடுத்த வண்டிக்கு நிற்பார். மழையிலும் நிற்பார். நிற்கட்டும் என்று இவன் ஆக்சிலேட்டரை மிதிப்பான். இரண்டு பக்கமும் இவ்வளவு ஒழுங்காகப் பகையைக் காப்பாற்றுகிற சம்பந்தம் இந்தத் தாலுகாவில் இருக்குமா என்று ஒரு பெருமைகூட அவனுக்கு உண்டு.

ஆனால் அந்தச் சொல் உள்ளே போய்ப் படுத்துக்கொண்டது. அது யாருக்கும் தெரியாது. கோணிச்சாக்கை நனைத்து என்ஜின் மூடிமேல் போட்டான், சூடு வராமல் இருக்க என்று இசக்கியிடம் சொன்னான், எந்தச் சூடு என்று சொல்லவில்லை. சீட்டில் ஈரத்துண்டை மடித்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தான். ஈரத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து இடுப்பில் பிடிப்பு வந்ததுதான் மிச்சம். டாக்டரம்மா இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, "ரெண்டு பேருக்கும் ஒரு குறையும் இல்ல, காத்திருங்க" என்றாள். காத்திருக்கச் சொல்ல டாக்டர் எதற்கு, டைம் கீப்பர் போதாதா? காத்திருந்தான். முடி நரைத்தது. பிறகு ஒரு நாள், கடையம் தாண்டி ஏற்றத்தில் வண்டி முக்கிக்கொண்டு ஏறும்போது, டீசல் வாடை அவன் குடலைப் பிடுங்கிற்று. இருபத்தைந்து வருசமாக அவனுக்கு அது வாடையே அல்ல, வீட்டில் சாம்பிராணி மாதிரி. அன்றைக்கு வண்டியை ஓரம்கட்டி, இறங்கி, புளியமரத்தைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தான். மறுநாளும் எடுத்தான். மூன்றாம் நாள் வீட்டுக்குப் போனால் பரமகல்யாணி கொல்லையில் குனிந்து நிற்கிறாள். அவளுக்கு முன்னாலேயே அவனுக்கு மசக்கை வந்துவிட்டது. அவள் மாங்காய் கேட்டதற்கு முன்னாலேயே இவன் செண்பகம் ஆச்சியின் பையிலிருந்து ஊறுகாயை வாங்கித் தின்றுகொண்டிருந்தான். "என்ன தம்பி, முழுகாம இருக்கது நீயா அவளா?" என்று ஆச்சி கேட்டாள். இதை மாமனாரிடம் போய் யாராவது சொல்ல வேண்டும். வெந்துபோனவனுக்கா வாந்தி வரும்? ஐந்தாம் மாசக் கடைசியில் ஒரு மத்தியானம், அவள் கூப்பிட்டு அவன் உள்ளங்கையை எடுத்து வயிற்றில் வைத்தாள். ஒன்றும் இல்லை. பொறுங்க என்றாள். பிறகு ஒரு தட்டு. நியூட்ரலில் இருக்கும்போது கியர்க் கம்பி கைக்குள் துடிக்குமே, அந்த மாதிரி, உள்ளே என்ஜின் ஓடுகிறது, நீ போடுவதுதான் பாக்கி என்கிற மாதிரி. அவன் கையை எடுக்கவில்லை. சாயங்கால டிரிப்புக்கு நேரமாகிவிட்டது என்று அவள்தான் தள்ளிவிட்டாள்.

ஆழ்வார்குறிச்சியில் இசக்கி சொன்னபடியே ஏற ஆள் இல்லை, மூன்று பேர் இறங்கினார்கள். ஒரு பெண் இறங்கும்போது பரமகல்யாணியின் கன்னத்தைத் தொட்டு, "அம்மா வீட்டுக்கா? போய் நல்லபடியாப் பெத்துப் பிழைச்சு வா தாயி" என்றாள். பெத்துப் பிழைச்சு. எல்லோரும் சொல்கிற சொல்தான், கோயில் வாசலில் சொல்வார்கள், குழாயடியில் சொல்வார்கள். பிழைச்சு என்பதை மட்டும் யாரும் சொல்லாமல் இருந்தால் நல்லது. ரோட்டில் ஒரு கல் கிடந்தால் இரண்டு சக்கரத்துக்கும் நடுவில் விட்டு ஓட்டுகிற மாதிரி அவன் அந்தச் சொல்லை நடுவில் விட்டு ஓட்டினான். ஓட்டியும், அடியில் உரசிற்று. அவன் அம்மாவும் இப்படித்தான் கை நிறைய வளையலோடு பஸ் ஏறினாள். அம்மா வீட்டுக்கு. தலைப்பிள்ளை இல்லை, தம்பிப்பாப்பா, ஆனாலும் போனாள். அப்பா பெட்டியை ஏற்றிவிட்டு, "சரி" என்றார். அவர் சொன்னது அந்த ஒரு வார்த்தைதான். பஸ் புகையைக் கக்கிவிட்டுப் போயிற்று. பாப்பா வாங்கப் போயிருக்கிறாள் என்று இவனிடம் சொன்னார்கள். இவன் வருகிற பஸ்ஸையெல்லாம் போய்ப் பார்த்தான். கடைசியில் அப்பா மட்டும் மொட்டைத் தலையோடு இறங்கினார். போதும். அதை அதற்கு மேல் நினைக்கமாட்டான், இன்றைக்கு அது எதற்கு? அந்தக் காலத்தில் ஆஸ்பத்திரி ஏது, டாக்டர் ஏது? இன்றைக்கு இவளை அம்மா வீட்டில் விடமாட்டேன் என்பதற்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. காரணம் அந்தப் பந்தி. காரணம் அந்த மனுசன் வாய். அதுவே போதுமான காரணம், நூறு பேரிடம் சொல்லலாம், நூறு பேரும் நியாயம் என்பார்கள். தென்காசியில் அக்கா வீட்டிலிருந்து ஆஸ்பத்திரி கூப்பிடு தூரம். ஒரு நாளைக்கு நாலு தடவை வண்டி தென்காசிக்குப் போகும், நாலு தடவையும் பார்க்கலாம். தன் கண் முன்னால் இருந்தால் ஒன்றும் ஆகாது. இவ்வளவு பெரிய வண்டியை ஒரு கீறல் இல்லாமல் இத்தனை வருசம் கொண்டுவந்து சேர்க்கிறவனுக்கு ஒரு சின்னப் பிள்ளையைக் கொண்டுவந்து சேர்க்கத் தெரியாதா? இவளுக்கு முதலில் அழுகை வரும். அழுதால் பிரஷர் ஏறும் என்று நர்ஸ் சொல்லியிருக்கிறாள். அழமாட்டாள். அக்கா வீட்டில் வந்து கட்டிலைப் பார்த்தால் சரியாகிவிடும். அந்த "ம்" மட்டும்தான் இடைஞ்சல். அந்த "ம்"மை விடாமல் இருந்திருக்கலாம். அப்பாவின் "சரி"யைவிட அது ஒன்றும் பெரிய சொல் இல்லை, ஆனால் அவளுக்கு அது போதுமாக இருந்தது. அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு நடு சீட்டில் நிம்மதியாக உட்கார்ந்திருக்கிறாள்.

புளியமரங்கள் வர ஆரம்பித்தன. இனி ஒரு வளைவு, ஒரு பாலம், பிறகு சடையன்குளம். அவனுக்கு ஒரே ஒரு தொழில் சிக்கல் இருந்தது. ஸ்டாப்புக்குக் கொஞ்சம் முன்னால் குடிதண்ணீர்க் குழாய் பதிக்க ரோட்டைக் குறுக்கே வெட்டிப் போட்டிருந்தார்கள். மூடினார்கள் என்று பேர், முதல் மழையில் மண் இறங்கி முழங்கால் ஆழத்துக்குப் பள்ளமாகக் கிடந்தது. நேற்று வெறும் வண்டியில் போகும்போதே ஜன்னலெல்லாம் கிடுகிடுத்தது. அதில் வேகமாகப் போக முடியாது, நடுவில் இருப்பவளுக்கும் முழுதாகத் தெரிகிற பள்ளம் அது. நடை வேகத்தில் இறக்கி, நடை வேகத்தில் ஏற்ற வேண்டும். அதாவது அந்த மனுசன் நிற்கிற இடத்தை வண்டி ஊர்ந்துகொண்டுதான் தாண்ட முடியும். அவர் ஜன்னலுக்குள் எட்டிப் பார்க்கிற அளவுக்கு மெதுவாக. பார்க்கட்டும். ஊர்ந்து தாண்டி, ஏறியதும் இரண்டு, மூன்று, அப்புறம் பின்னால் திரும்பவே கூடாது. கணக்கு சரிதான். இசக்கி வந்து பக்கத்தில் நின்றான். "அண்ணாச்சி, மயினி பையை எடுத்து மடில வச்சிட்டாங்க." "ம்." "ஒரு தடவ யோசிங்க அண்ணாச்சி. எதுனாலும் பிள்ளைத்தாச்சி." "விசில உன் வாயில வைக்காத, பையில போடு. சொன்னதைச் செய்யி." "நான் விசில் அடிக்கலன்னா மயினி என் கழுத்தை நெரிப்பாங்க." "என்னைத் தாண்டித்தான உன் கழுத்து." இசக்கி போகவில்லை. கண்ணாடியில் அந்தக் கை கம்பியை விட்டுவிட்டது, எழுந்திருக்கத் தயாராகிறாள். எழுந்திருக்காதே, பள்ளம் வருகிறது என்று கத்த வேண்டும் போலிருந்தது. கத்தினால், இறங்காதே என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டிவரும். பாலம் வந்தது, பாலம் போயிற்று. முதல் கியருக்கு வந்தான். வெறுங்காலைப் பிரேக்கின்மேல் பூப் போல வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, சக்கரம் விழப்போகிற அந்த இடத்துக்காகக் காத்திருந்தான்.

சக்கரம் விழவில்லை. முன் சக்கரம் மெத்தையில் ஏறின மாதிரி ஏறி இறங்கிற்று. அவனுக்கு நம்பிக்கை வரவில்லை. கால் அந்தப் பள்ளத்துக்கென்று எடுத்துவைத்திருந்த பயம் முழுவதும் செலவாகாமல் அப்படியே நின்றது. தலையை ஜன்னலுக்கு வெளியே நீட்டிக் கீழே பார்த்தான். புதுச் செம்மண். ரோடு முழுக்க இல்லை, இரண்டே இரண்டு தடம், சக்கரம் போகிற அகலத்துக்கு. நடுவிலும் ஓரத்திலும் பள்ளம் அப்படியே தண்ணீர் கட்டிக் கிடந்தது. மற்ற பஸ்ஸெல்லாம் இடது ஓரத்தை ஒட்டித்தான் ஸ்டாப்புக்குள் வரும். இவன் ஒருத்தன்தான் அந்த வீட்டை ஒட்டி வரமாட்டேன் என்று நடு ரோட்டுக்கு விலகி வந்து, கடைசியில் ஒடித்து நிறுத்துவான். யாரும் சொல்லிக் கொடுத்து வந்த பழக்கம் அல்ல, வெறுப்பில் வந்தது. மண் அந்த விலகின தடத்தில்தான் போட்டிருந்தது. ஒரு சாண் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் போகவில்லை. கோமதிநாயகம் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு தடத்தின் முடிவில் நின்றார். சட்டை இல்லை, தலையில் துண்டு, சாரலில் மார்முடி நனைந்து ஒட்டியிருந்தது, முழங்கை வரைக்கும் மண். வண்டியை நிறுத்தச் சொல்லிக் கை காட்டவில்லை. பின் சக்கரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், கிளீனர்ப் பையன் மாதிரி, வரட்டும், வரட்டும், நேராக வரட்டும் என்று உள்ளங்கையை ஆட்டிக்கொண்டு. இத்தனை வருசமாக இவன் கழுத்தைத் திருப்பாமல் போன வண்டியை அந்த மனுசன் தினமும் சக்கரம் சக்கரமாகப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். அடுத்த வண்டிக்கு நின்றார் என்று இவன் நினைத்தானே. என்ன மண் இது, கீழே சல்லி போடாமல், இடித்துக் கெட்டிக்காமல், சாயங்காலத்துக்குள் கரைந்து ஓடிவிடுமே, விதைநெல் விற்கிறவனுக்கு ரோடு போடத் தெரியுமா என்று மனசு ஒரு பக்கம் ஏசிக்கொண்டே இருந்தது. ஏசட்டும். பந்தி பந்திதான், அந்தக் கடன் அப்படியே நிற்கிறது, அதைத் தள்ளுபடி செய்ய இவன் ஒன்றும் கூட்டுறவு சங்கம் இல்லை. ஆனால் பின் சக்கரமும் மெத்தையில் ஏறி இறங்கியபோது அவன் காலுக்கு அடியில் ஒன்று புரிந்தது. இந்த ரோட்டில் இவளுக்காகப் பயந்துகொண்டிருக்கிறவன் தான் ஒருத்தன் மட்டும் இல்லை. இரண்டாவது கியர் போடவேண்டிய கை நியூட்ரலுக்குத் தள்ளிற்று.

இசக்கி விசிலைத் தேடிப் பையைத் துழாவிக்கொண்டிருந்தான். அதற்குள் வண்டி நின்றுவிட்டது. "சடையன்குளம் எறங்கு" என்று செண்பகம் ஆச்சியே சொன்னாள். பரமகல்யாணி எழுந்து கம்பி கம்பியாகப் பிடித்து நடந்து வந்தாள். அவள் படிக்கட்டின் மேல் நின்று கீழே பார்த்தபோது இரண்டு பக்கமும் இரண்டு கை நீண்டிருந்தன, ஒன்று மண்ணாக, ஒன்று கிரீஸாக. அவள் இரண்டையும் பிடித்துக்கொண்டு இறங்கினாள். ஆவுடையப்பன் மாமனாரைப் பார்க்கவில்லை, இசக்கியைப் பார்த்துத்தான் பேசினான். "நாளைலருந்து காலையிலயும் சாயங்காலமும் வண்டி இங்க ஒரு நிமிசம் கூடுதலா நிக்கும். நிக்கும்போதெல்லாம் இவ வாசல்ல வந்து முகத்தைக் காட்டணும். ஒரு தடவை தெரியலன்னா வண்டி அப்படியே தென்காசி ஆஸ்பத்திரிக்குத் திரும்பும்னு சொல்லுல." கோமதிநாயகமும் இசக்கியைத்தான் பார்த்தார். "அவ காட்டுவான்னு சொல்லும் தம்பி. மழை பெஞ்சாலும் காட்டுவான்னு சொல்லும். டிரைவர ஒரு வாய் காப்பி குடிச்சிட்டுப் போகச் சொல்லும்." ஆவுடையப்பனுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "டூட்டில இருக்க டிரைவர் வண்டிய விட்டு எறங்கமாட்டான்னு சொல்லுல அவருகிட்ட." இசக்கி குனிந்து தரையைப் பார்த்தான். ஜன்னல் ஜன்னலாகத் தலைகள் வெளியே வந்து தரையைப் பார்த்தன. அப்போதுதான் ஆவுடையப்பனும் பார்த்தான். வலது பக்கக் கதவைத் திறந்ததும், முன்னால் சுற்றி ஓடி வந்ததும் ஒன்றும் ஞாபகம் இல்லை. வெறுங்கால் இரண்டும் கோமதிநாயகம் கொட்டிய செம்மண்ணில் கணுக்கால் வரைக்கும் புதைந்திருந்தன. பரமகல்யாணி இரண்டு கையையும் விடாமல், வண்டியை நிமிர்ந்து பார்த்துச் சொன்னாள், "இசக்கி, செண்பகம் ஆச்சிகிட்ட காப்பிக்கு அஞ்சு நிமிசம்னு சொல்லு."